ஒன்பதாம் பகுதியின் ஓய்வுக்காலம்

அன்ரனிற்றா அக்கா வந்தபோது பென்ஜமின் மூன்று வரிசைகளை முடித்துவிட்டு நான்காவதில் நின்றான்.

ஒக்ரோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. திங்களன்றே முடித்திருக்கவேண்டிய வேலை. மழையால் ஒரு நாள் பிந்திவிட்டது. பாகர் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்ன மஞ்சள் இயந்திரம் ஒவ்வொரு கல்லறைக் கல்லையும் பட்டியில் கட்டித் தூக்கி, லொறிக்குள் இறக்கும். இறக்கும்போது கல்லோடு கல் மோதுகிற ஓசை எட்டு மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற பென்ஜமின் காதுக்கு மூடி போட்டிருந்தான். நான் போடவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் அக்கா பூவாளியை நிரப்புவதை முதலில் கண்டேன். காலடியில் இரண்டு செவ்வந்திச் சாடிகள். செவ்வாய் அவருக்கு வேலை இல்லாத நாள். வைத்தியசாலைச் சமையலறையில் ஆறு நாள் பாத்திரத்தோடு நிற்பவர், ஏழாம் நாள் இங்கே வருவார். இயந்திரத்தை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. சேமக்காலையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு இயந்திரம் நிற்கும். பூவாளியோடு திரும்பிப் பத்தடி நடந்த பிறகுதான் நின்றார். முன்னால் மூன்று வரிசை அளவுக்கு வெறும் மண். பூவாளி சரிந்து தண்ணீர் சப்பாத்தின் மேல் வழிந்தது. அவர் அதை நிமிர்த்தவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"ஜெயகாந்த், என்ன இது?" என்றார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

"என்ன தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் ஐந்தாம் வரிசைக்குப் போய்விட்டார். பதினொன்றாம் இலக்கம் இன்னும் நின்றது. முழங்கால் உயரச் சாம்பல் நிறக் கல். தமிழிலும் ஜெர்மன் எழுத்திலும் யூட்சன் என்ற பெயர். மேலே முட்டை வடிவச் சட்டத்துக்குள் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையனின் படம். இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் இறந்துபோனான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அக்கா கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் அப்படியே இருந்து, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

பென்ஜமின் இயந்திரத்தை நிறுத்தினான். காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு என்னைப் பார்த்தான்.

"அவர்களுக்குச் சொல்லவில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வருகிற சின்ன நகரம் இது. நகரசபைச் சேமக்காலையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. புல் வெட்டுவேன், இலை கூட்டுவேன், குழி வெட்ட உதவுவேன். கடந்த மார்ச் மாதம் வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அறிவித்தலை நானே குண்டூசி குத்தி வைத்தேன். ஒன்பதாம் பகுதியின் ஓய்வுக்காலம் முடிவடைகிறது; உரியவர்கள் செப்ரெம்பர் முப்பதாம் திகதிக்குள் கற்களையும் செடிகளையும் எடுத்துச் செல்லவேண்டும்; எடுக்கப்படாதவை நகரசபையைச் சேரும்; பகுதி சமப்படுத்தப்பட்டுப் புல் விதைக்கப்படும். நாலு வசனம், ஒரு முத்திரை. பிறகு பகுதிக்குள் போய் எழுபத்திரண்டு கல்லிலும் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டினேன். அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும் என்று மட்டும்தான் அதில் இருந்தது.

இறந்தவர்களுடைய ஓய்வுக்கு முடிவுத் திகதி உண்டு என்பதை முதலில் கேள்விப்பட்டபோது நானும் திகைத்தேன். ஆனால் நான் சைவக்காரன். எங்கள் ஆட்கள் எரித்துவிட்டு, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள். ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கிறிஸ்தவர்களான வேதக்காரருக்கு இதெல்லாம் கோயிலில் சொல்லியிருப்பார்கள், அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜெர்மன்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கிழவர் மண்வெட்டியோடு வந்து மனைவியின் ரோசாச் செடியை வேரோடு கிண்டி வாளிக்குள் வைத்து, எனக்குக் கைகொடுத்து, இருபத்தைந்து வருடம் நல்லாகப் பார்த்தீர்கள், நன்றி என்றார். நான் பார்த்தது ஆறு வருடம்தான். ஒரு பெண், கண்ணாடிப் பெட்டியின் மேல் 'வெட்கம்' என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டுப் போனார். அதை நான்தான் துடைத்தேன். பலர் வரவேயில்லை.

ஏப்ரலில் ஒருநாள் அன்ரனிற்றா அக்காவும் அவருடைய கணவர் யாகோப்பு அண்ணையும் சேர்ந்து வந்தார்கள். நான் இரண்டு பகுதி தள்ளி வேலி வெட்டிக்கொண்டு நின்றேன். அண்ணை குனிந்து பச்சைத் தாளை வாசித்தார். விரலால் தடவினார். அக்காவிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் இருந்த பக்கம் திரும்பிக் கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன்.

அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அதற்கு நான் பொருள் கொண்டேன். பிள்ளையின் இடம் போகப்போகிறது என்று தெரிந்த பெற்றோரிடம் போய் என்ன கதைப்பது? மனிதர் பேசாமல் இருந்தால் அவர்களை அப்படியே விட்டுவிடுவது மரியாதை என்று நினைப்பவன் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காவிட்டால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். அதன் பிறகு கோடை முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் மற்றப் பக்கத்து வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"இந்தப் பச்சையை ஆர் ஒட்டினது?" அக்கா கல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான்தான்."

"நீரோ?"

"எல்லாக் கல்லிலையும் ஒட்டினனான் அக்கா. மார்ச்சில."

"அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கண்டனீங்கள்தானே. அண்ணை வாசிச்சவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"ஓம், வாசிச்சவர்." அவருடைய குரல் உயரவில்லை. "கந்தோருக்குப் போகச் சொல்லியிருக்கு, ஒருக்காப் போட்டு வருவமோ எண்டு கேட்டவர். நான்தான் மறிச்சனான். ஜெயகாந்த் அங்கதானே நிக்கிறான், ஏதும் பிழையெண்டால் ஓடிவந்து சொல்லுவான், இல்லாட்டி அவனே செய்துபோடுவான் எண்டனான். முந்தி மஞ்சள் ஒட்டினதுக்கும் நீர்தானே எல்லாம் செய்தனீர்?"

அது உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னர், கல் ஆடுகிறது என்று அதிகாரி ஒருவர் இந்தக் கல்லில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். அன்றைக்கே நான் சீமெந்து குழைத்துக் கல்லை இறுக்கித் தாளை உரித்தெறிந்துவிட்டு, அடுத்த கிழமைதான் அவர்களுக்குச் சொன்னேன். யாகோப்பு அண்ணை என் தோளில் தட்டி, "நீர் இருக்கேக்க எங்களுக்கு என்ன யோசினை" என்றார். அக்கா போத்தலில் தேத்தண்ணியும் கடதாசியில் சுற்றி ரோல்சும் கொண்டுவந்து தந்தார். அந்த உபகாரம் செய்யாதிருந்தால் ஏப்ரலில் அவர்கள் அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள்.

"எழும்புங்கோ அக்கா. மண் ஈரம்."

"அவரைக் கூப்பிடும்."

யாகோப்பு அண்ணை பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தார். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். சாரத்துக்கு மேலே குளிர் அங்கி. எதையும் பகிடியாக எடுக்கிற மனிதர். கார்க் கதவைச் சாத்தும்போதே, "என்னடா இது, பெடியனுக்கு வீடு மாத்துறியளோ?" என்றார். மூன்று வரிசை வெறும் மண்ணைப் பார்த்ததும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அதை மூட அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

பென்ஜமின் தன்னுடைய பாணை எடுத்து இயந்திரப் படியில் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினான். "நான் அவசரப்படவில்லை. ஆனால் லொறி இரண்டு மணிக்குப் போகவேண்டும்" என்றான்.

அலுவலகம் வாசலடியில் ஒற்றை அறை. பொறுப்பாக இருப்பவர் யூலியா. நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கதிரை இழுத்துப் போட்டார். மூன்றாவது இல்லை. நான் நின்றேன். அக்காவுக்கும் அண்ணைக்கும் கடைக்குப் போகவும் வேலைக்குப் போகவும் போதுமான ஜெர்மன் இருக்கிறது. சட்டம் கதைக்கிற ஜெர்மன் அவர்களிடம் இல்லை. ஆகவே நான் நடுவில்.

யூலியா கோப்பை எடுத்து விரித்தார். மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்றும் திரும்பி வந்திருக்கின்றன. உறைகளைக் காட்டினார். விலாசத்தில் அவர்களுடைய பெயர் இல்லை. டக்ளஸ் என்று இருந்தது.

"டக்ளஸ் எண்டு போட்டிருக்கு" என்றேன்.

"எந்த டக்ளஸ்?" அண்ணை கேட்டுவிட்டு அவரே விளங்கிக்கொண்டார். "ஐயோ. எங்கட டக்ளஸ்."

இங்கே வந்த ஆரம்ப காலத்தில் எல்லாருக்கும் ஒரு டக்ளஸ் இருந்தார். முந்தி வந்து மொழி பிடித்தவர். அகதி வழக்கு முடியாமல் முகாமில் இருந்தவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுப்பார், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பார், வைத்தியரிடம் கூட்டிப்போவார். பத்திரத்தில் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் தன்னுடைய பெயரையும் விலாசத்தையும் போடுவார், ஏனென்றால் கடிதம் வந்தால் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யூட்சன் இறந்த கிழமை யாகோப்பு அண்ணைக்குத் தன்னுடைய கையெழுத்தே வரவில்லையாம். பத்திரத்தின் அடியில் டக்ளஸின் கையெழுத்துப் பெரிதாக, வால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணை அங்கேயே அவருக்கு அழைப்பு எடுத்தார். டக்ளஸ் லண்டனுக்குப் போய்ப் பதினேழு வருடம். ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆர், யாகோப்போ? டேய், உயிரோட இருக்கிறியோ?"

"இருக்கிறன். நீ யூட்சன்ர சேமக்காலைப் பத்திரத்தில கையெழுத்து வைச்சனியோ?"

மறுபக்கம் வாகன இரைச்சலுக்கு மேலால் அவருடைய குரல் வந்தது.

"அப்ப நான் எல்லாத்துக்கும்தானே வைச்சனான். உன்ர வீட்டுக்கு வைச்சன், உன்ர ரெலிபோனுக்கு வைச்சன், உனக்குக் கொடுப்புப் பல்லுப் புடுங்கவும் நான்தான் வைச்சன். சேமக்காலைக்கும் வைச்சிருப்பன். ஏன்ரா?"

"உனக்கு மூண்டு கடிதம் போட்டிருக்கினம்."

"எங்க, அந்தப் பழைய வீட்டுக்கோ? அதை இடிச்சுக் கார் விடுற இடமாக்கிப் போட்டாங்களாம். என்ன கடிதம்?"

அண்ணை சொன்னார். இரண்டே வசனம்.

"மச்சான்," என்றார் டக்ளஸ். பிறகு, "நான் வெளிக்கிடேக்க கரண்ட், தண்ணி, வங்கி எல்லாத்தையும் மாத்தினனான். ஒண்டு ஒண்டாய் எழுதி வைச்சு மாத்தினனான். இது..." என்றார். அண்ணை அழைப்பைத் துண்டிக்கவில்லை. மேசையில் கிடந்த கைபேசிக்குள்ளிருந்து லண்டன் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. அக்காதான் கை நீட்டி நிறுத்தினார்.

"காசு கட்டினால் இன்னும் கொஞ்ச வருசத்துக்கு விடமாட்டினமோ?" அண்ணை கேட்டார். "கேளும் ஜெயகாந்த். எவ்வளவெண்டாலும் கட்டுறன்."

கேட்டேன். யூலியா இல்லை என்று தலையாட்டினார். நகரசபையின் விதியில் இரண்டு வகைக் கல்லறை உண்டு. ஒன்று நீடிக்கக்கூடியது. மற்றது வரிசைக் கல்லறை. இறந்த ஒழுங்கில் இடம் கிடைக்கும், காலம் முடிந்தால் முழு வரிசையும் முடியும், நீடிக்க வழியே இல்லை. அன்றைக்கு டக்ளஸ் எடுத்தது வரிசைக் கல்லறை. வேறு வகை இருப்பது அவருக்கும் தெரிந்திராது. யூலியா விதியை அச்சடித்து, அந்தப் பந்தியின் கீழே கோடு போட்டு, அக்காவின் பக்கமாகத் திருப்பி வைத்தார். தனக்கே அது பிடிக்கவில்லை என்பது போல விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"அவரிடம் சொல்லுங்கள், மகனை யாரும் வெளியே எடுப்பதில்லை," என்றார் யூலியா. "கல் மட்டும்தான் போகும். அவன் அங்கேயேதான் இருப்பான்."

சொன்னேன். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

யூலியா இன்னும் ஆறுதல் சொல்ல விரும்பினார். "இது எல்லோருக்கும் இப்படித்தான். இவர்களுடைய மகனை வைத்தபோதும் அது முன்னர் ஒருமுறை சமப்படுத்திய இடம்தான். அவனுக்கு முன்னரும் அங்கே ஒருவர் இருந்தார்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ன சொல்லுறா?" அக்கா கேட்டார்.

"எல்லாருக்கும் இப்பிடித்தானாம்."

"அவ அதைவிடக் கூடச் சொன்னவ. முழுக்கச் சொல்லும் ஜெயகாந்த். இதிலையும் பாதியை விழுங்காதையும்."

சொன்னேன்.

அண்ணை சாரத்தின் கரையைத் திரித்துக்கொண்டிருந்தார். அக்கா யூலியாவையே பார்த்தார். யூலியாவுக்குத் தான் சொன்னது ஆறுதலாகப் போய்ச் சேரவில்லை என்று விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை.

"ஆர்?" என்றார் அக்கா.

யூலியா அலுமாரியைத் திறந்து தடித்த பழைய பதிவேட்டை எடுத்துவந்தார். மையில் எழுதிய பக்கங்கள். ஒன்பதாம் பகுதி, ஐந்தாம் வரிசை, பதினொன்று. எல்ஃப்ரீடே என்றொரு பெண். முப்பத்தொரு வயது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்பது.

"முப்பத்தொரு வயசு," அக்கா தனக்குத்தானே சொன்னார். "அவவுக்குப் பிள்ளையள் இருந்திருக்கும்." பிறகு என்னிடம், "இப்ப அவ எங்க?"

"அதே இடத்தில. யூட்சனுக்குக் கீழ."

"நாங்கள் அவனை வைக்கேக்க அவவின்ர ஆக்கள் வந்து மறிக்கேல்லையோ?"

கேட்டேன். அப்படி எந்தப் பதிவும் இல்லை என்றார் யூலியா.

"அவவின்ர கல்லு?"

"நொறுக்குவார்கள்," என்றார் யூலியா. "பாதைக்கு அடியில் போட."

இதையும் முழுதாகச் சொன்னேன். அக்கா குனிந்து தன்னுடைய நனைந்த சப்பாத்தைப் பார்த்தார். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினார், திரும்ப வைத்தார். இருபத்தைந்து வருடம், கிழமைக்கு ஒரு தடவை, வாசலிலிருந்து ஐந்தாம் வரிசை வரைக்கும் அந்தச் சல்லிப் பாதையால்தான் நடந்திருக்கிறார்.

"ஆரையோ எழுப்பாமல் கொள்ளாமல் அவவுக்கு மேல என்ர பிள்ளையைப் படுக்க வைச்சிருக்கிறம்," என்றார். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவைக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். கடிதம் போட்டிருப்பினம்."

அண்ணை அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், மூக்கால் மட்டும். அக்கா அவருடைய முழங்காலில் தட்டினார், ஒரு குழந்தைக்குத் தட்டுவதுபோல. கண் மட்டும் பதிவேட்டில் இருந்தது.

"பிறகு எங்கட இடத்தை என்னெண்டு கண்டுபிடிக்கிறது? புல்லுக்குள்ள?"

யூலியா வரைபடம் ஒன்றை விரித்தார். பழைய வரைபடத்தில் பதினொன்று ஒரு சின்னப் பெட்டி. புதிய வரைபடத்தில் ஒன்பதாம் பகுதி முழுவதும் ஒரே பச்சை. உள்ளே கோடு இல்லை, இலக்கம் இல்லை. புல்லின் மேல் பூவோ மெழுகுதிரியோ வைக்கக் கூடாது, வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்பதையும் யூலியா சொல்லவேண்டியிருந்தது. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். அதை யாரும் சொல்லவில்லை.

அக்கா எழுந்து அண்ணையிடம் கேட்டார். "அப்பா, காருக்குள்ள அளக்கிற நாடா கிடக்கோ?"

"கிடக்கு," அண்ணை முகத்தைத் துடைத்தார். "அஞ்சு மீற்றர்தான்."

"எடுங்கோ. அவவின்ர ஆக்கள் அளந்து வைச்சிருந்தால் இண்டைக்கு அவவையும் ஆரும் தேடி வந்திருப்பினம்."

யூலியா எங்களோடு வாசல் வரை வந்து, மணியைப் பார்த்துவிட்டு, "இரண்டு மணி வரைக்கும் யாரும் எதையும் தொடமாட்டார்கள்," என்றார். தன்னால் தரக்கூடியது அவ்வளவுதான் என்பதைப் போலக் கையை விரித்தார்.

தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குவது என்று அக்கா தீர்மானித்தார். அது சீமெந்தில் நட்ட குழாய், அசையாது. இன்னொன்று வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து அளந்தால் வட்டமாகிவிடும் என்று அண்ணை சொன்னார். கொழும்பில் கொஞ்சக் காலம் கட்டட வேலை பார்த்தவர். செபக்கூடத்தின் மூலையை இரண்டாவதாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மீற்றர் நாடாவால் அவ்வளவு தூரம் அளக்கவேண்டுமென்றால் ஒருவர் நுனியைப் பிடிக்கவேண்டும், ஒருவர் இழுக்கவேண்டும், ஒருவர் எழுதவேண்டும். அண்ணை எழுதுவதற்குக் கடதாசி தேடி, கிடைக்காமல், அந்த அச்சடித்த விதியைத் திருப்பி அதன் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

நான் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"தாங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்."

அவர் நாடாவின் நுனியைத் தன் விரலுக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். ஒரு கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு, "ஹலோ," என்று பென்ஜமினைக் கூப்பிட்டார். அவன் பாண் துகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். "பிற்றே," என்று ஜெர்மனில் பணிவாகச் சொல்லி நுனியை அவனிடம் கொடுத்தார். கல்லுகளைப் பிடுங்கிய கை அது. அவன் குழாயடியில் முழந்தாளிட்டு, நுனியைச் சீமெந்தோடு அழுத்திப் பிடித்தான்.

"நீர் உம்மட வேலையைப் பாரும் தம்பி," என்றார் அக்கா.

எனக்குப் பார்ப்பதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை. இரண்டு மணி வரைக்கும் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தது. பாதையின் கரையில் நின்றேன். அவர்கள் ஐந்து ஐந்து மீற்றராகப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா குதிக்காலால் மண்ணில் ஒரு கோடு கீறுவார், பென்ஜமின் எழுந்து அந்தக் கோட்டுக்கு வருவான். அக்கா எண்ணைத் தமிழில் சொல்ல, அண்ணை திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார். குழாயிலிருந்து கல்லின் நடுவுக்குப் பதினெட்டு மீற்றர் முப்பத்திரண்டு. செபக்கூட மூலையிலிருந்து நாற்பத்தொன்று மீற்றர் பத்து.

பிறகு கல். "காரில ஏத்துங்கோ," என்றார் அக்கா.

"மூண்டாம் மாடிக்கு இதை என்னெண்டு..." அண்ணை தொடங்கினார்.

"பாதைக்குப் போடவோ?"

அண்ணை கார்ப் பெட்டியைத் திறந்தார். பென்ஜமின் இயந்திரத்தில் ஏறி, மற்றக் கற்களைத் தூக்கியதைவிட நாலு மடங்கு மெதுவாக அதைத் தூக்கிக் கொண்டுவந்து, அண்ணை விரித்த போர்வையின் மேல் இறக்கினான். காரின் பின்பக்கம் ஒரு சாண் பதிந்தது. படத்திலிருந்த பையன் காரின் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தான். அண்ணை அவனுடைய முகத்தைப் போர்வையால் மூடப்போனார். பிறகு மூடாமல் விட்டார்.

கல் போன இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம், என்னுடைய சீமெந்துத் துண்டுகளோடு. பென்ஜமின் சீமெந்தை அள்ளியபோது பக்கத்து மண்ணும் சரிந்து, பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்த கரை காணாமல் போனது. அக்கா பள்ளத்தின் கரையில் அசையாமல் நின்றார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அண்ணையிடமிருந்து நாடாவை வாங்கினார்.

"இன்னொருக்கா அளப்பம்."

"அதுதான் எழுதிப்போட்டமே."

"கல் இல்லாமல் அளந்து பாக்கவேணும். இனிக் கல் இராதுதானே."

திரும்பவும் குழாயடி, திரும்பவும் பென்ஜமின், திரும்பவும் ஐந்து ஐந்தாக. அண்ணை எழுதியதைப் பார்த்துச் சொல்ல, அக்கா பதினெட்டு முப்பத்திரண்டில் காலை ஊன்றினார். பிறகு அவர் அங்கேயே நிற்க, அண்ணையும் பென்ஜமினும் செபக்கூடப் பக்கத்திலிருந்து அளந்துகொண்டு வந்தார்கள். நாற்பத்தொன்று பத்தில் அண்ணை ஒரு குச்சியைக் குத்தினார்.

குச்சிக்கும் அக்காவின் காலுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது.

அண்ணை கடதாசியைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். "எங்கையோ நாடா தளர்ந்துபோச்சு," என்றார். "இல்லாட்டி முதல் அளந்தது பிழை."

அக்கா தன்னுடைய காலைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். கல் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கவில்லை.

"எது சரி?" என்றார்.

அவர் கேட்டது பென்ஜமினை. நாடாவின் நுனியைப் பிடித்தபடி இன்னும் முழந்தாளில் இருந்த அவன், அவர் கேட்டது விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன். அவன் குச்சியையும் அவருடைய சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவனுக்கும் தெரியவில்லை.